படாத குத்து

நைனாவின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்த வெள்ளைத் துணியை எல்லம்மாள் இறுக்கிக்கொண்டிருந்தபோது, சித்தப்பா தாண்டவராயன் பந்தலில் பெஞ்சு போட்டு நைனாவின் வரலாற்றைச் சொல்ல ஆரம்பித்திருந்தார். சாவுக்கு வந்தவர்களுக்கும் பொழுது போகவேண்டுமே.

வரலாறு சின்னது. எல்லம்மாளின் அப்பா பஞ்சாட்சரம் பட்டணத்துக் காலேஜில் படித்தார். மற்றவர்கள் பந்தை உதைக்க, அவர் முகத்தில் கம்பிவலை மாட்டிக்கொண்டு கத்திச்சண்டை பழகினார். 1952இல் மாகாணப் போட்டியின் கடைசிச் சண்டையில் தோற்றார். உத்திரமேரூருக்குத் திரும்பி இருபத்தாறு வருஷம் நெல் பயிரிட்டார். நேற்றுக் காலை வரப்பில் விழுந்தார்.

"அஞ்சு குத்து வாங்கிக்கினு வந்தான் எங்கண்ணன். கீரை அரியக்கூட லாயக்கில்ல."

பந்தல் அடக்கமாகச் சிரித்தது. அம்மா செல்லம்மாள் அழுகையை நிறுத்தி அதைக் கேட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். கல்யாணமான நாளிலிருந்து கேட்பதுதான்.

எடுப்பதற்குள் யாராவது ஒருத்தர், இந்த மனுஷன் உருப்படியானவர் என்று அம்மா காதில் விழச் சொல்லவேண்டும். எல்லம்மாளுக்கு வேறெதுவும் வேண்டாம். அதற்காகத்தான் சுந்தரவரதனுக்குத் தந்தி கொடுத்திருந்தாள். 1952இல் ஜெயித்தவர். இப்போது போலீஸில் பெரிய அதிகாரி. வருஷம் தவறாமல் பொங்கல் வாழ்த்து அனுப்புகிறவர்.

அம்பாசிடரில் வந்தார். மாலை போட்டார். நைனாவின் முகத்தைத் தேவைக்கு மேல் கொஞ்சநேரம் பார்த்தார். கொல்லையில் எல்லம்மாள் தண்ணீர் ஊற்ற, கை கழுவிக்கொண்டே பேசினார்.

"ரெண்டு பேரும் நாலுக்கு நாலும்மா. அஞ்சாவது பட்டா முடிஞ்சுது. கடைசிக் குத்து நான் போட்டது. அப்ப பட்டதக் காட்ட மிஷின் கிடையாது, நடுவர் கண்ணால பாத்துதான் சொல்லணும். அவங்களுக்கு ஒண்ணும் தெரியல. உங்கப்பாவே கையத் தூக்கி, தன் மேல பட்டுதுன்னுட்டார்."

"பட்டுச்சா?"

"இல்ல. சட்டை மடிப்புல உரசிட்டுப் போச்சு. எனக்குத் தெரியும். சும்மா இருந்துட்டேன்."

ஜெயித்ததற்குக் கொடுத்த சர்டிபிகேட்டில்தான் போலீஸ் வேலை கிடைத்தது என்பதையும் சொன்னார். சொல்லி முடித்ததும், வாய் கொப்பளித்தவர்போல முகம் தெளிந்துவிட்டது.

"பந்தல்ல வந்து இதச் சொல்லுங்க சார். எங்கம்மா கேக்கட்டும்."

"கண்டிப்பா," என்று கைக்குட்டையில் கை துடைத்தார்.

அவர் திரும்பி வந்ததும் பந்தலே எழுந்து நின்றது. சித்தப்பா துண்டால் பெஞ்சைத் தட்டிவிட்டு, அண்ணன் எப்படி ஆடினான் என்று கேட்டார். சுந்தரவரதன் அம்மாவைப் பார்த்தார். எழுந்து நின்றவர்களைப் பார்த்தார்.

"நல்ல மனுஷன்," என்றார். "ஆட்டம் சுமார்தான்."

சித்தப்பா தொடையில் தட்டிக்கொண்டார். எல்லம்மாள் தானே சொல்லிவிடலாம்தான். மகள் சொன்னால் ஒப்பாரியில் சேர்த்துவிடுவார்கள்.

கிளம்பிய கார் தெருமுனைச் சேற்றில் இறங்கியது. போலீஸ் கார் ஆயிற்றே. பாடை தூக்க நின்ற நாலு பேரும் ஓடினார்கள். மேளக்காரர்கள் மேளத்தை இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லாரையும் அதட்டினார்.

மற்றவர்களும் வேடிக்கை பார்க்கப் போக, பந்தலில் மூன்று பேர் மிச்சம், நைனாவையும் சேர்த்து.

"கொல்லையில இன்னா சொல்லிக்கினு இருந்தாரு?" என்றாள் அம்மா.

எல்லம்மாள் சொன்னாள். அம்மா ஈ விரட்டியபடியே முழுக்கக் கேட்டாள்.

"படாததுக்கு இன்னாத்துக்குக் கையத் தூக்குனாரு இந்தாளு?"

பிறகு, நைனாவின் தலையை ஒரு கையால் தாங்கி, சுந்தரவரதன் போட்ட புது மாலையை மட்டும் கழற்றிக் கட்டுத்தறிப் பக்கம் போட்டாள். கன்றுக்குட்டி முகர்ந்து பார்த்துவிட்டு, சாமந்தியாகப் பார்த்துத் தின்ன ஆரம்பித்தது.