என் அக்கா இந்தக் கதையில் பாடமாட்டாள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் இதை எழுத நினைக்கவில்லை, கத்தத்தான் நினைத்தேன். வீட்டில் விருந்தாளிகள் இருந்தார்கள். அம்மா என்னை முறைத்துக்கொண்டிருந்தாள். கையில் காப்பித் தட்டு வேறு. (கத்துவதற்கு இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும் என்பது என் அனுபவம்.) தட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்க் கணினியைத் திறந்தேன். அப்படிப் பிறந்த கதை இது. இதில் நிதானம், இரு தரப்பு நியாயம் எல்லாம் எதிர்பார்க்கிறவர்கள் வேறு நல்ல கதையாகப் பார்த்துப் போய்விடலாம். கோபித்துக்கொள்ள மாட்டேன். அதற்கு என்னிடம் மிச்சக் கோபம் இல்லை.

விஷயம் இதுதான். என் அக்காவுக்குக் கல்யாணம். வரவேற்பில் என்ன பாட்டு, என்ன கேளிக்கை என்று முடிவு செய்ய இரண்டு வீட்டாரும் எங்கள் முன்னறையில் கூடினார்கள். அக்காவின் தொழில், கல்யாண வரவேற்புகளில் பாடுவது.

2

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்:

மேகமூட்டமான ஒரு பிற்பகலில், ஆளரவமற்ற ரயில் நிலையத்தில், சாம்பல் நிற மேலங்கி அணிந்த ஒரு பெண்

நிறுத்திவிட்டேன். நான் படிப்பதெல்லாம் மொழிபெயர்ப்பு நாவல்கள். அவற்றில் எல்லாரும் ரயிலில் வந்து இறங்குகிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் காரில் வந்தார்கள். அதை நிறுத்த இடமில்லாமல் பெரியப்பா தெருவில் நின்று, "ஒடிங்க, இன்னும் ஒடிங்க, வரலாம், வரலாம்" என்று கையாட்டி, பக்கத்து வீட்டுப் பூந்தொட்டியை உடைக்க வைத்தார்.

இரண்டாவது தொடக்கம்: கோபத்தில் அவள் தன் கையுறையைக் கழற்றி மேசைமேல் எறிந்தாள்.

எங்கள் வீட்டில் கையுறை ஒன்றே ஒன்றுதான் உண்டு. பாத்திரம் தேய்க்கிற ரப்பர் கையுறை. அதை எறிந்தால் சோப்புத் தண்ணீர் தெறிக்கும், அம்மா என்னைத்தான் துடைக்கச் சொல்வாள்.

ஆகவே நடந்ததை நடந்தபடி.

3

பெரியப்பா கைப்பேசியில் வீடியோ வீடியோவாகக் காட்டினார். டிஜே என்றதும் மாப்பிள்ளையின் அம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். வாசலில் கரடி வேஷம் போட்டு நின்று எல்லாருக்கும் கைகொடுப்பவர் ஒருவர் இருந்தார். சாக்ஸபோன் இருந்தது, "கௌரவமா இருக்கும், ஆனா யாரும் கேக்கமாட்டாங்க" என்ற சிபாரிசோடு. அப்பா மேஜிக் ஷோ பக்கம் சாய்ந்தார்.

"வேணாம்டா," என்றார் பெரியப்பா. "எங்க மேனேஜர் வீட்டுக் கல்யாணத்துல மேஜிக்காரன் மாப்பிள்ளை மோதிரத்தை மறைய வெச்சான். அப்புறம் வரவே இல்ல."

"யாரு, மாப்பிள்ளையாண்ணே?"

"மோதிரம்டா!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். (இந்த இடம் வரைக்கும் இது ஒரு நகைச்சுவைக் கதையாக வந்திருக்கலாம். அந்த வாய்ப்பைக் கெடுத்தது நான் இல்லை.)

மாப்பிள்ளையின் அம்மா தம்ளரைக் கீழே வைத்தார். "எதுக்கு ஊரெல்லாம் தேடிக்கிட்டு? நம்ம கிட்டயே பாட்டு இருக்கே!"

அத்தனை தலையும் அக்கா பக்கம் திரும்பியது. பெரியப்பா தொடையில் தட்டினார். "அட, இது தோணவே இல்ல பாரு! மேடையிலதானே உக்காந்திருக்கப் போறா? அப்படியே மைக்கைக் கொடுத்தா முடிஞ்சது."

அப்படியே. அந்தச் சொல்லைப் பாருங்கள்.

"இல்ல அத்தை, நான் அன்னைக்குப் பாடல," என்றாள் அக்கா.

"ஏம்மா, தொண்டை சரியில்லையா?"

"தொண்டை நல்லா இருக்கு."

"அப்புறம் என்ன? ஒரே ஒரு பாட்டு."

"வேணாம் அத்தை. அன்னைக்கு எனக்கு லீவு."

"நல்லாருக்கே கதை," என்றார் பெரியப்பா. "கல்யாணத்துக்கு யாராவது லீவு எடுப்பாங்களா?"

"கல்யாணத்துக்குத்தான் பெரியப்பா எல்லாரும் லீவு எடுக்கிறாங்க."

அம்மா காப்பி இன்னும் வேண்டுமா என்று யாரையும் பார்க்காமல் கேட்டாள்.

"பாடுறதெல்லாம் ஒரு வேலையாம்மா?" மாப்பிள்ளையின் அம்மா உண்மையான அன்போடுதான் சொன்னார், அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. "அது வரமில்லையா?"

அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாள். "உங்க பையன் கண்ணாடிக்கடையில கண்ணு டெஸ்ட் பண்றார். அதுவும் வரம்தான். அப்ப மேடையில ஒரு எழுத்துப் பலகையை மாட்டிடலாமா? வாழ்த்த வர்றவங்க ஒரு கண்ணை மூடிட்டுப் படிச்சிட்டுப் போகட்டும்."

மாப்பிள்ளைதான் முதலில் சிரித்தார். நல்ல, பெரிய சிரிப்பு. பிறகு தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பை அப்படியே விழுங்கினார், மாத்திரையை விழுங்குகிற மாதிரி.

4

(இங்கே சற்று நிறுத்தி, "ஒரே ஒரு பாட்டு" என்ற சொற்றொடர் பற்றி ஒரு சிறு கட்டுரை.)

ஒன்று என்பது சின்ன எண்ணாம். அதனால் மறுக்கிறவள்தான் பெரிய ஆளாகத் திமிர் பிடித்து நிற்பதாகத் தெரியும். கேட்கிறவருக்கு அது சாதகம். மேலும், ஒரே ஒரு பாட்டு என்று கேட்டவர் எவரும் ஒன்றோடு நிறுத்தியதில்லை. இன்று மேடையில் பாடினால், அடுத்த மாதம் அந்த வீட்டுக்கு யார் சாப்பிட வந்தாலும், "எங்க மருமக நல்லாப் பாடுவா, பாடும்மா" என்பார்கள். அவள் கை ஈரத்தோடு சமையலறையிலிருந்து வந்து பாடுவாள். டிவியை அணைக்கக்கூட மாட்டார்கள். சத்தத்தை மட்டும் குறைப்பார்கள். இது என் கற்பனை என்பீர்கள். எங்கள் வீட்டில் நாங்கள் அவளை இத்தனை வருஷம் அப்படித்தான் வைத்திருக்கிறோம். எங்கள் வீட்டில் அவளுக்குப் பெயரே ரேடியோ.*

* தட்டினால் பாடும் என்று பெயர் வைத்தது அப்பா. செல்லமாகத்தான்.

5

மாப்பிள்ளை என்கிற பாத்திரம் எனக்கு அமையவில்லை. முதல் வரைவில் கோபத்தில் அவரை வில்லனாக்கி, வசதிக்கு ஒரு மெல்லிய மீசையும் வைத்தேன். அக்கா துணி மடித்துக்கொண்டே படித்துவிட்டு, "அவருக்கு எப்படி மீசை வந்துச்சு?" என்றாள்.

"கதைக்காக."

"எடுத்துடு. பார்க்கச் சகிக்கல." இரண்டு தலையணை உறையை மடித்துவிட்டுச் சொன்னாள்: "அவர் நல்லவர்டி. ஆனா அவங்க அம்மா ரூமுக்குள்ள வந்துட்டா அவருக்கு வயசு குறைஞ்சிடும்."

மீசையை எடுத்துவிட்டேன். வயது குறைவதை வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் கேட்டேன், நான் முன்பே கேட்டிருக்க வேண்டியதை. "ஏன்க்கா பாடமாட்டே? உனக்குப் பிடிக்காதா?"

"பிடிக்காம இத்தனை வருஷமா தொண்டையைக் கிழிச்சுக்கிறேனா?" பெரிய போர்வையின் மறுமுனையை என்னிடம் கொடுத்தாள். இழுத்துப் பிடித்தோம். "நான் பாடுற இடம் எப்பவும் மேடைக்குப் பக்கத்துல. பொண்ணு மாப்பிள்ளையை அங்கேர்ந்தே பார்த்துக்கிட்டிருப்பேன். ஒவ்வொருத்தரா மேல வருவாங்க. பொண்ணோட காதுல என்னமோ சொல்லுவாங்க. பொண்ணு தலையை ஆட்டிச் சிரிக்கும். எதுவும் கேட்டிருக்காது. எப்படிக் கேக்கும்? ஸ்பீக்கர்ல நான் கத்திக்கிட்டிருக்கேனே."

போர்வையை மடித்து என் பக்கம் வந்தாள்.

"ஒரு தடவை ஒரு பொண்ணோட வாத்தியாரோ யாரோ, வயசானவர், ரொம்ப நேரம் அது காதுல பேசினார். கண்ணெல்லாம் கலங்கிப் பேசினார். அதுவும் எல்லாருக்கும் சிரிச்ச மாதிரி அவருக்கும் சிரிச்சுது. அவர் இறங்கிப் போயிட்டார். நான் நடுவுல நிறுத்த முடியுமா? சரணம் போயிக்கிட்டிருக்கு." போர்வையை அலமாரியில் வைத்தாள். "என் கல்யாணத்துக்கு வர்றவங்க என்ன சொல்றாங்கன்னு எனக்குக் கேக்கணும். அவ்வளவுதான்."

6

அந்த "அவ்வளவுதான்" எங்கள் குடும்பத்தில் என்ன பாடுபட்டது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாட்டே இல்லாத வரவேற்பா என்று பெரியப்பா துள்ளினார். "இது கல்யாணமா, பல் டாக்டர் ரூமா? எல்லாரும் பேசாம உக்காந்து பேர் கூப்பிடுற வரைக்கும் காத்திருக்கிறதுக்கு?" அம்மா, மாப்பிள்ளை வீட்டில் என்ன நினைப்பார்கள் என்றாள். அப்பா இரண்டு பக்கமும் தலையாட்டினார். கடைசியில் ஒப்புக்கொண்டார்கள்: ஸ்பீக்கர் சாப்பாட்டுக் கூடத்தில் மட்டும், பதிவு செய்த இசை, மெதுவாக. மேடையில் மைக் கிடையாது. அக்காவின் குழுவில் வாசிப்பவர்கள் விருந்தாளிகளாக வருவார்கள். மாப்பிள்ளையின் அம்மாவும், "உங்க இஷ்டம்மா" என்று சொல்லிவிட்டார்.

எனக்கும் கதைக்கு முடிவு வேண்டியிருந்தது. மூன்று எழுதினேன்.

அ. அக்கா கோபத்தில் வேண்டுமென்றே சுருதி விலகிப் பாடுகிறாள். கூடமே நெளிகிறது.

ஆ. கல்யாணம் நின்றுபோகிறது. அவள் ஒரு ரயிலில் (மன்னிக்கவும்) ஏறிப் போகிறாள்.

இ. வாழ்த்தெல்லாம் கேட்டு முடித்த அக்கா, யாரும் கேட்காமல், மைக்கும் இல்லாமல், எழுந்து நின்று தானாகவே பாடுகிறாள். பேச்சு அடங்குகிறது. கரண்டிகள் நிற்கின்றன. மாப்பிள்ளையின் அம்மா அழுகிறார்.

இ-யை எழுதும்போது எனக்கே கண்ணீர் வந்தது. அதை அக்காவிடம் பெருமையாக நீட்டினேன். சமையலறையில் நின்றபடி படித்தாள். திரும்பவும் படித்தாள்.

"நீயுமாடி?"

"என்னக்கா? நீயா விரும்பித்தானே பாடுறே. யாரும் கட்டாயப்படுத்தல."

"நீ கட்டாயப்படுத்துறே. நான் பாடலைன்னா உன் கதை நல்லா இருக்காதுன்னு பாட வைக்கிறே. பெரியப்பாவாவது முகத்துக்கு நேரா கேட்டார்."

"நீ சும்மா உக்காந்திருந்தா கதை தட்டையா முடியும்க்கா."

"முடியட்டும்! என் கல்யாணம்டி அது. உனக்குக் கடைசிப் பக்கமா?"

தாள்களை மேசையில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். நான் படித்த அத்தனை நாவல்களிலும் துயரப்பட்ட பெண்கள் கடைசியில் பாடினார்கள், ஆடினார்கள், பியானோ வாசித்தார்கள். அவர்களில் யாரையாவது யாராவது கேட்டார்களா? எனக்கு அந்த நாவலாசிரியர்கள் அத்தனை பேர் மீதும் ஒரே நேரத்தில் ஆத்திரம் வந்தது. நான் அவர்களிடம்தான் கற்றுக்கொண்டேன்.

மூன்று முடிவையும் அழித்துவிட்டேன்.

7

வரவேற்புக்கு முந்தின நாள், அதாவது இன்று காலை, அக்காவின் குழுவில் கீபோர்டு வாசிக்கும் அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, ஒரு தர்மசங்கடம். நாளைக்கு நாங்கல்லாம் கெஸ்ட்டுதானே? குழுச் சட்டை இல்லாம போறதுக்குன்னே புதுசா வேற எடுத்திருக்கோம்."

"ஆமாண்ணே."

"மாப்பிள்ளை கூப்பிட்டார். கீபோர்டைக் கார்ல வெச்சிட்டு வரச் சொல்றார். அவளுக்குத் தெரிய வேணாமாம். சர்ப்ரைஸாம். நடுவுல அவர் தம்பி மைக்கைக் கொண்டுவந்து அவ கையில கொடுப்பாராம். எல்லாரும் கைதட்டுவாங்களாம். அத்தனை பேர் முன்னாடி எப்படி மாட்டேம்பான்னு சிரிக்கிறார். நான் என்னம்மா பண்றது?"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பார்க்கலாம்னேன். வேற என்ன சொல்ல? மாப்பிள்ளையாச்சே."

அத்தனை பேர் முன்னாடி எப்படி மாட்டேம்பா. இதற்குப் பெயர் சர்ப்ரைஸ். எங்கள் முன்னறையில் தெளிவாக, சிரித்த முகத்தோடு, பலமுறை சொன்ன 'வேண்டாம்' இவர்களுக்கு ஒரு தடங்கல்கூட இல்லை. சுற்றிக்கொண்டு வர வேறு வழி இருக்கிறது, அவ்வளவுதான். மீசையைத் திரும்ப வைக்கலாமா என்று யோசித்தேன்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். உடனே மாப்பிள்ளையைக் கைப்பேசியில் கூப்பிட்டு, எனக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டாள். என்னை அறையை விட்டுப் போகச் சொல்லவில்லை.

"கீபோர்டு எதுக்குங்க?"

மறுமுனையில் நீண்ட மூச்சு. "அம்மா ரொம்ப ஆசைப்படுறாங்க. ஒரே ஒரு பாட்டு. எனக்காக."

"உங்களுக்காகன்னா நான் வீட்டுல பாடுறேன். நீங்க மட்டும் கேளுங்க. எத்தனை பாட்டு வேணும்னாலும்."

"அது வேறம்மா..."

"ஆமா, வேற. அது உங்களுக்கு. இது உங்க ஆளுங்களுக்குக் காட்டுறதுக்கு." அவள் குரல் உயரவே இல்லை. "மைக் வந்தா நான் வாங்கமாட்டேன். எல்லாரும் பார்த்துக்கிட்டு இருந்தாலும் வாங்கமாட்டேன். அப்ப அவமானம் யாருக்குன்னு நீங்க இப்பவே யோசிச்சுக்கங்க."

"அம்மாகிட்ட பேசுறேன்."

"பேசுங்க. அவங்க ரூமுக்குள்ள வந்தப்புறமும் பேசுங்க."

வைத்துவிட்டாள்.

8

அவர் பேசினாரா? தெரியாது. மாலையாகிவிட்டது, இன்னும் செய்தி இல்லை. நாளைதான் வரவேற்பு. ஆகவே இந்தக் கதையின் முடிவு எனக்கே தெரியாது. ஆனால் கதாசிரியர்கள் தெரியாததை எழுதுகிறவர்கள்தானே, எழுதிப் பார்க்கிறேன்:

மாப்பிள்ளையின் தம்பி மைக்கோடு மேடையேறினான். "இப்போ நம்ம மணப்பெண்ணே..." என்றான். அவன் முடிப்பதற்குள் முன்வரிசையில் கைதட்டல் தொடங்கி, பின்னால் பரவி, அக்கா எழுந்து நின்று, வாயைத் திற

இல்லை. இந்த வாக்கியத்தை நான் முடிக்கமாட்டேன். முடித்தால் அடுத்த சொல் பாட்டாக இருக்க வேண்டும், அல்லது மறுப்பாக இருக்க வேண்டும். மறுப்பை அவள் முன்னமே சொல்லிவிட்டாள். அத்தனை பேர் முன்னால் அதை ஏன் இன்னொரு தடவை நிகழ்த்திக் காட்ட வேண்டும்? அதுவும் நிகழ்ச்சியாகிவிடாதா?

நீங்கள் அந்தக் கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். என்னோடு சேர்ந்து அவள் தரப்பில் கோபப்பட்டீர்கள், சரி. ஆனாலும் உங்களுக்குள் ஒரு ஓரத்தில், அவள் எப்படிப் பாடுவாள் என்று கேட்டுப் பார்க்க ஆசை வந்ததா இல்லையா? எனக்கு வந்தது. அந்த ஆசையை வைத்துக்கொண்டு கைதட்டாமல் இருக்க முடியுமா என்பதுதான் மிச்சமிருக்கிற கேள்வி. அதை என்னால் எழுத முடியாது. அது உங்கள் வேலை.

பாட்டுக்காகக் காத்திருப்பவர்கள் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போங்கள், அங்கே ஸ்பீக்கர் இருக்கிறது. மற்றவர்கள் மேடைக்கு வாருங்கள். அவளிடம் சொல்ல ஏதாவது வைத்திருப்பீர்கள். கத்த வேண்டாம். பக்கத்தில் வந்து, சாதாரணமாகப் பேசுகிற மாதிரி சொல்லுங்கள். அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.