அடுத்தவன் ஆடு

நெவில் ட்ரஸ்காட்டின் துப்பாக்கியை யாரிடம் கொடுத்து வைப்பது என்று பேசி முடிக்க ஒரு மதியம் முழுக்க ஆனது. அவர் வீட்டுச் சமையலறை மேஜையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்திருந்தோம்: நெவில், அவர் மனைவி ஜோய்லின், பக்கத்துப் பண்ணை டெஸ், நான். இந்தச் சுற்றுவட்டாரத்துப் பண்ணைகளுக்கெல்லாம் மனநலச் செவிலி நான் ஒருத்திதான். என் அப்பா நெவிலின் கொட்டகையில் ஆட்டுக்குக் கம்பளி கத்தரித்தவர். அதனால் நெவிலுக்கு நான் நர்ஸ் இல்லை, கத்தரிக்காரர் மகள் மரீ.

ஈஸ்டர் முடிந்த வாரம், விடியற்காலையில் ஜோய்லின் அவரை டிராக்டர் கொட்டகையில் பார்த்தாள். மடியில் துப்பாக்கி இருந்தது. அவள் கத்தவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, பேச்சுக் கொடுத்து, மெல்ல அதை வாங்கிவிட்டாள். பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்தார்கள். பிறகு மாத்திரை கொடுத்து, மூன்று வருஷமாக மழை காணாத அதே பண்ணைக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

ஆகவே பாதுகாப்புத் திட்டம் போட்டோம். சாகும் எண்ணம் மறுபடி தலைதூக்கினால் அவரிடம் முதலில் என்ன மாறும், யாரைக் கூப்பிட வேண்டும், எது அவர் கைக்கு எட்டாமல் இருக்க வேண்டும் என்றெல்லாம் பேசினோம். சவரம் செய்வதை நிறுத்தினால் உஷாராகிவிட வேண்டும் என்றாள் ஜோய்லின். துப்பாக்கி என்றதும் நெவிலே வாயைத் திறந்தார்.

"டெஸ்கிட்ட குடுத்துடு. என் வெல்டிங் மிஷினை ஆறு வருஷமா வச்சிருக்கான். வாங்குன எதையும் திருப்பித் தர்ற பழக்கம் இவன் பரம்பரையிலயே கிடையாது."

எல்லோரும் சிரித்தோம். டெஸ்ஸுக்குத்தான் காது சிவந்துபோனது. துப்பாக்கியைப் போர்வையில் சுற்றி எடுத்துப்போய் தன் வீட்டு இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினான்.

நகரத்திலிருந்து கணினித் திரையில் பேசும் என் மேலதிகாரிக்கு ரொம்பத் திருப்தி. அவருக்கு ஒவ்வொரு ஆளுக்கும் ஆபத்து அதிகமா, நடுத்தரமா, குறைவா என்று சொல்லியாக வேண்டும். கம்பளியைத் தரம் பிரித்து மூன்று குவியலாகப் போடுவது போல மனிதனையும் போடச் சொல்வார். துப்பாக்கி வீட்டைவிட்டுப் போய்விட்டது என்று சொன்னதும் நெவிலை நடுக் குவியலில் போட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது, ஆனாலும் மறுத்துப் பேசக் காரணம் கிடைக்கவில்லை. அந்த மேஜையில் இருந்த நாலு பேரும் ஆட்டோடு வளர்ந்தவர்கள். ஆட்டைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆகஸ்ட் மாதத்தில், வழக்கமாகப் போகும் வியாழக்கிழமை, அவர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். ஜோய்லின் வெளியே வந்தாள். குளத்தில் தண்ணீர் வற்றிச் சேறாகிவிட்டது, குடிக்கப் போன சினை ஆடுகள் இறங்கி மாட்டிக்கொண்டன, எழுந்திருக்கத் தெம்பில்லை, காக்கை கண்ணைக் கொத்த ஆரம்பித்துவிட்டது, இனிச் சுட்டு முடிப்பதுதான் வழி என்றாள். பிறகு, ரொட்டி வாங்கி வந்ததைச் சொல்வது போல, டெஸ் காலையிலேயே துப்பாக்கியைக் கொண்டுவந்துவிட்டான் என்றாள்.

என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

வேலி, பள்ளம் எதையும் பார்க்காமல் குளத்துக்கு வண்டியை விட்டேன். கரைக்கு இந்தப் பக்கம் டெஸ்ஸின் வண்டி நின்றது. குளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவன் உள்ளே உட்கார்ந்திருந்தான். எங்கள் பக்கம் ஒருவன் தன் ஆட்டைத் தானே சுட வேண்டி வந்தால் மற்றவர்கள் பார்க்க மாட்டார்கள். அது மரியாதை. அந்த மரியாதையில்தான், ஈஸ்டரில் சாகப் பார்த்த மனிதனைத் துப்பாக்கியோடு தனியே விட்டுவிட்டு இவன் திரும்பி உட்கார்ந்திருக்கிறான். எனக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது.

"எதுக்குடா குடுத்த?" என்றேன்.

"அவன் ஆடு மரீ. அவன் குளத்துல, அவன் கண்ணு முன்னாடி, நான் போயி சுடவா? உன்னால ஆகாதுன்னு மூஞ்சில துப்புற மாதிரி அது. அவனுக்கு நான் அதைச் செய்ய மாட்டேன்."

ஊரில் யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள். என் அப்பாவும் அதைத்தான் சொல்லியிருப்பார். நான் கரையேறிப் போனேன்.

நெவில் சேற்று ஓரத்தில் நின்றார். நான் வரும்வரை ஒரு வெடிச் சத்தமும் கேட்கவில்லை. ஆடுகள் கழுத்தளவு சேற்றில் கிடந்தன, கத்தக்கூட இல்லை. துப்பாக்கி அவர் கையில் கீழ்நோக்கித் தொங்கியது. முகத்தில் நாலைந்து நாள் தாடி வெள்ளையாகத் தெரிந்தது. சுற்றி வளைக்காமல் கேட்டுவிட வேண்டும் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். கேட்டேன்.

"நெவில், நீங்க சாகணும்னு நெனச்சுக்கிட்டா இங்க நிக்கறீங்க?"

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆடு தவிக்கிறது, அதை முதலில் முடிக்க வேண்டும் என்றார். அதன் பிறகு என்ன என்று கேட்டேன். அவர் சேற்றையே பார்த்தார்.

துப்பாக்கியை டெஸ்ஸிடம் கொடுக்கச் சொன்னேன். அவன் சுட மாட்டான் என்றார். நீங்கள் கேட்டால் சுடுவான் என்றேன். அப்போதுதான் என்னைப் பார்த்தார். அவரை அம்மணமாக ஊருக்குள் நடக்கச் சொன்னது போல ஒரு பார்வை. அந்த ஒரு பார்வையில் இருந்த வெறுப்பை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன். ஆனாலும் நான் நகரவில்லை. ஒரு காக்கை வந்து ஓர் ஆட்டின் தலைமேல் உட்கார்ந்தது. விரட்டினேன், மறுபடி வந்தது.

கடைசியில் அவர் கரைக்கு மேலே பார்த்துக் கூப்பிட்டார்.

"டேய் டெஸ். என்னால முடியலடா. நீ வந்து சுடு."

டெஸ் இறங்கி வந்தான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே துப்பாக்கி கைமாறியது. நான் நெவிலைக் கூட்டிப்போய் என் வண்டியில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினேன். கண்ணாடியை ஏற்றிவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

முதல் வெடிக்கு அவர் உடம்பு தூக்கிப்போட்டது. பிறகு ஒவ்வொரு வெடிக்கும் உதடு மட்டும் அசைந்தது. எண்ணுகிறார் என்று தெரிந்தது. இடையில் ஒருமுறை டெஸ் வாய்விட்டு அழுவது கேட்டது. பிறகு மறுபடி வெடி. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

"ஏழு," என்றார் நெவில். "ஏழு ஆடு, ஏழு குண்டு."

அவர் தன் உள்ளங்கைகளை விரித்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் சுட்டிருந்தா எட்டு ஆயிருக்கும்மா."