தாமதமே ஆகாத ரயில்

தேசிய ரயில் கம்பெனியின் நூறாண்டு வரலாறு வரும் திங்கட்கிழமை காலை சரியாகப் பத்து மணிக்கு வெளியிடப்படும் என்பதையும், அந்த நூறாண்டில் ஒரு ரயிலும் ஒரு நிமிடம்கூடத் தாமதமானதில்லை என்பதையும் நாட்டு மக்கள் சகலருக்கும் இதனால் அறிவிக்கப்படுகிறது.

பொய்யில்லை. ரயில் எப்போது வந்து நின்றாலும், ஸ்டேஷன் மாஸ்டர் ஸ்டூலில் ஏறி, பிளாட்பாரக் கடிகாரத்தை அட்டவணை நேரத்துக்குத் திருப்பிவிட்டுத்தான் பச்சைக் கொடி காட்டுவார். கம்பெனி விதி அது.

இந்த அறிவிப்பைத் தட்டச்சு செய்தவளின் அப்பாவும் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர்; ஒரே ஒரு நாள் ஸ்டூலில் ஏறவில்லை. முட்டிவலியெல்லாம் இல்லை, மனசு வரவில்லை. பதிவேட்டில் 'நாற்பது நிமிடம் தாமதம்' என்று எழுதினார். வேலை போயிற்று. அச்சுக்குப் போகவிருந்த வரலாற்றிலும் 'கடிகாரத்தைத் தவறாக வைத்தவர்' என்று ஏறிவிட்டார். இப்போது படுத்த படுக்கை. கண் மூடுவதற்குள் அந்த ஒரு வரி போக வேண்டும்; வேறெதுவும் அவர் கேட்கவில்லை.

மகள் பதிப்பு அதிகாரியிடம் போய் நின்றாள்.

"சார், எங்கப்பா கடிகாரத்தைத் தொடவே இல்ல. தொடாததுதான் குத்தம். அந்த வரிய மட்டும் எடுத்துடுங்க."

அதிகாரி கண்ணாடியைத் துடைத்தார். "ஏம்மா, தாமதமே இல்லேங்கிறப்ப, தாமதம்னு எழுதின ஆளு மட்டும் எங்கேர்ந்து வந்தாரு? நல்லவேளை சொன்னே. கம்பெனி மானத்தையே காப்பாத்திட்டே, போ!"

ஞாயிறன்று முதல் பிரதி வந்ததும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

"எடுத்துட்டாங்கப்பா!"

"அப்பாடா. இருபத்தாறு வருஷம் நான் பாத்த ஸ்டேஷன் எந்தப் பக்கத்துல இருக்கு? காட்டு."

புரட்டினாள். வரைபடத்தில் விரல் வைத்துத் தேடினாள். அதிகாரி அரைகுறையாக வேலை செய்பவர் அல்ல. முந்தைய ஸ்டேஷனும் அடுத்த ஸ்டேஷனும் நடுவில் ஒன்றுமில்லாமல் ஒட்டி நின்றன.

"என்னடி தேடுற?"

"இருக்குப்பா. எழுத்து ரொம்பப் பொடி."

"குடு இப்படி."

பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு புத்தகத்தை மூடிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

மறுநாள் சேர்மன் மதியம் ஒன்றரைக்கு வந்தார். விழா சரியாகப் பத்து மணிக்குத் தொடங்கியது. ஸ்டூலில் ஏறியது தட்டச்சுக்காரிதான்.