சலவைக்குப் பிந்தைய எடை

கலீல் பாய் மூன்றாவது முறையாகப் பின்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தபோது, அதில் இரண்டு கம்பிகள் ஒடிந்து தொங்கின. திருப்பூர் நெருப்பெரிச்சலில் எனக்குச் சைக்கிள் கடை. தூத்துக்குடியிலிருந்து வந்து, ஒன்பது வருடம் நிட்டிங் மெஷின் ஃபிட்டராக இருந்துவிட்டுத் தொடங்கியது. பாய்க்கு அதே சாலையில் டி-ஷர்ட் தைக்கும் யூனிட். ஞாயிற்றுக்கிழமைகளில் ரேஸ் சைக்கிள் ஓட்டும் பனியன் முதலாளிகள் குழுவில் அவரும் ஒருவர்; ரிப்பேர் பார்க்க நானும் கூடவே ஓட்டிப் போவேன்.

"ஏனுங்க ராபின், ரோட்டுல ஒரு குழி கூட இல்லீங்க. சும்மா போய்ட்டே இருந்தேன். டிங்குன்னு ஒரு சத்தம்."

மூன்று முறையும் அவர் வீடு திரும்பியது அவருடைய யூனிட்டின் சரக்கு வண்டியில். துணி ரோல்களுக்கு நடுவே, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அவர் உட்கார்ந்திருந்த படம் குழுவின் வாட்ஸ்அப்பில் வந்தது. 'ரிஜெக்ட் ஆன சரக்கு திரும்பி வருகிறது' என்று குழுத் தலைவர் சரவணக்குமார் கீழே எழுதியிருந்தார். நாற்பத்திரண்டு பேர் சிரித்திருந்தார்கள். குழுவில் மொத்தமே நாற்பத்து மூன்று பேர்.

"வர்ற ஞாயிறு தாராபுரம் போய்ட்டு வர்றமுங்க. நூறு கிலோமீட்டர். இந்த வாட்டியும் வண்டியில ஏறி வந்தன்னா, சைக்கிளை வித்துப்போட்டு ஊட்டுல உக்காந்துக்குவேன். அதனால நல்ல வீலாப் போட்டுக் குடுங்க."

நல்ல வீல் எது என்பதை அவரே முடிவுசெய்து, போனில் படமும் வைத்திருந்தார். கார்பன் ரிம், உள்ளங்கை அகலத்துக்கு உயரம். முன்னால் இருபது கம்பி, பின்னால் இருபத்து நான்கு. சரவணக்குமார் வைத்திருப்பது அதுதான். வேகமெடுத்தால் 'வூம்' என்று ஒரு சத்தம் வரும். குழுவில் பாதிப்பேர் அந்தச் சத்தத்தைத்தான் வாங்கினார்கள். ஒருவர் புது மெஷின் இறக்கினால் அடுத்த மாதம் தெருவே அதை இறக்கும் ஊர் இது. சக்கரத்துக்கு மட்டும் வேறு சட்டமா?

சரவணக்குமாரின் எடை ஐம்பத்தெட்டு கிலோ.

"உங்க வெயிட் எவ்வளவு பாய்?"

"தொண்ணூத்தாறு" என்றார், சுவரில் தொங்கிய டியூபைப் பார்த்து.

அந்தச் சக்கரத்துக்கு நூறு கிலோ வரம்பு. சில கம்பெனிகள் வரம்பை ஆளுக்கு மட்டும் சொல்வார்கள்; சிலர் சைக்கிள், தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்த்துச் சொல்வார்கள். இது இரண்டாவது வகை. நான் ஒரு பழைய சக்கரத்தைக் கையில் எடுத்தேன். விளக்கம் சொல்ல ஒரு சந்தர்ப்பம் கிடைத்தால் விடுபவன் இல்லை நான்.

"கம்பியெல்லாம் தூண் மாதிரி நம்மளத் தாங்குதுன்னு நெனைக்காதிய பாய். எல்லாத்தையும் முன்னாடியே இழுத்து இறுக்கி வச்சிருக்கு. சக்கரத்தோட அடிப்பக்கம் தரையில படும்போது அங்க இருக்குற கம்பி லேசாத் தளரும். மேல போனதும் மறுபடி இறுகும். ஒரு சுத்துக்கு ஒரு தடவை. நூறு கிலோமீட்டருக்கு எத்தனை சுத்து? நாப்பத்தேழாயிரம்! ஒரு கம்பிய அத்தனை தடவை தளத்தி இறுக்குனா, குழி எதுக்கு? நல்ல ரோட்டுலயே டிங்குன்னு போயிரும். கம்பி நெறைய இருந்தா அந்தத் தளர்ச்சிய எல்லாம் பங்கு போட்டுக்கிடும்."

"அப்ப எத்தனை கம்பிங்கறீங்க?"

"முன்னால முப்பத்திரண்டு. பாதிக்கு மேல பாரம் பின்னால விழும், அங்க முப்பத்தாறு. அலுமினிய ரிம். கொஞ்சம் அகலமான டயர்."

"பால்காரர் சைக்கிள் மாதிரி இருக்குமுங்களே!"

"பால்காரர் சைக்கிள்ல பின்னால நாப்பது கம்பி பாய். அவரு என்னைக்காவது சரக்கு வண்டியில ஏறி வந்து பாத்திருக்கியளா?"

பாய் போனில் இருந்த படத்தை இன்னொரு முறை பெரிதாக்கிப் பார்த்தார். கார்பனுக்கே ஆர்டர் போடச் சொல்லிவிட்டுப் போனார்.

உடைந்தால் தன் மேல் பழி வராமலிருக்க, ஓட்டுபவரின் எடையை எழுதிக் கையெழுத்திட்டால்தான் டீலர் அந்தச் சக்கரத்தை அனுப்புவார். மறுநாள் படிவத்தை எடுத்துக்கொண்டு அவர் யூனிட்டுக்குப் போனேன். செக்கிங் டேபிளில் அவர் மனைவி ஷைமா துணியில் ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தார். யூனிட்டில் தரம் பார்ப்பது அவர்தான். துணியைப் பார்த்த அதே கண்ணோடு படிவத்தையும் பார்த்தார்.

"தொண்ணூத்தாறா? ஒரு காலை ஊட்டுலயே வெச்சுப்போட்டு வந்து தராசுல நின்னாருங்களா?"

தையல் மெஷின்கள் இரண்டு நின்றன. பாய் குரலைத் தாழ்த்தினார்.

"அது ஆஃப்டர் வாஷ் வெயிட்டு."

விஷயம் இதுதான். பனியன் துணி துவைத்தால் சுருங்கும். அதனால் சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர் அளவு கேட்கும்போது, யூனிட்காரர்கள் துவைத்த பிறகு என்ன அளவோ அதைத்தான் சொல்வார்கள். இருபது வருடம் அப்படியே சொல்லிப் பழகிய பாய், தன் எடையையும் அப்படியே சொல்லியிருக்கிறார். ஒரு வருடம் சைக்கிள் ஓட்டினால் தான் எவ்வளவு சுருங்குவாரோ, அந்த எடை. பொய் என்று சொல்ல முடியாது. தொழில் சுத்தமான கணக்கு.

ஷைமா அசரவில்லை. "சுருங்கற துணிய வெட்டறப்பச் சேத்து வெட்டுவீங்களா, கொறச்சு வெட்டுவீங்களா?"

"சேத்துத்தான்."

"அப்பறம் இதுல மட்டும் ஏனுங்க கொறச்சிருக்கறீங்க? அதுவுமில்லாம மூணு வருசமா வாஷ்ல இருக்கறீங்க. ஒரு இஞ்சு சுருங்கி நான் பாக்கலையே?"

துணி ரோல் நிறுக்கும் எலெக்ட்ரானிக் தராசு பக்கத்திலேயே இருந்தது. பாய் செருப்பைக் கழற்றினார், சட்டைப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து வைத்தார், மூச்சையும் அடக்கிக்கொண்டு ஏறினார். எடை படிக்கும் அன்புசெல்விக்கு எதையும் மெதுவாகப் படித்துப் பழக்கமில்லை.

"நூத்திப் பத்தொம்போது புள்ளி நாலு!"

கை தானாக அதை ஸ்டிக்கரில் எழுதிவிட்டது. எங்கே ஒட்டுவது என்று அந்தப் பெண் பாயை ஒரு சுற்றுப் பார்த்தாள். அவர் வாங்கிக் கசக்கினார்.

சைக்கிள், பாட்டில், டூல்ஸ் எல்லாம் சேர்த்து நூற்று முப்பத்தொன்று என்று நான் கூட்டிச் சொன்னேன்.

"போடுங்க, முப்பத்தாறே போடுங்க" என்றார் பாய்.

இரண்டு நாள் சாயங்காலம் உட்கார்ந்து கட்டினேன். நிட்டிங் மெஷினில் ஒரு நூல் மட்டும் லூசாக ஓடினால் துணி முழுக்கக் கோடு விழும். சக்கரமும் அப்படித்தான். ஒரு கம்பி சோம்பேறியாக இருந்தால் பக்கத்துக் கம்பி அதன் வேலையையும் சேர்த்துச் செய்து ஒடியும். அதனால் ஒவ்வொரு கம்பியையும் தட்டிக் கேட்டேன். ஒரு பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஒரே சுரத்தில் பேசும்வரை விடவில்லை.

ஞாயிறு காலை சரவணக்குமார் குனிந்து பார்த்தார். "பாய், இது வீலுங்களா, பால்கனி கிரில்லுங்களா?"

நாற்பத்திரண்டு பேரும் சிரித்தார்கள். சரக்கு வண்டி டிரைவர் பெருமாள்சாமி, யாரும் சொல்லாமலேயே எங்களுக்குப் பின்னால் வண்டியைக் கிளப்பினார்.

தாராபுரம்வரை ஒன்றும் ஆகவில்லை. திரும்பும்போது எதிர்காற்று. வெயிலும் ஏறிவிட்டது. 'வூம்' சத்தங்களெல்லாம் முன்னால் போய் மறைந்துவிட்டன. அவிநாசிபாளையத்தில் ஓர் இளநீர்க் கடை முன்னால் பாய் இறங்கிச் சைக்கிளைச் சாய்த்தார். முகம் சிவந்து, தொடை நடுங்கியது. இன்னும் பதினேழு கிலோமீட்டர்.

நான் ஓடிப்போய்ப் பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். கண்ணாடித் தட்டுப்போல் நேராகச் சுழன்றது.

"பாய், பாருங்க! ஒரு இழை கூட ஆடல!"

"கம்பி ஒண்ணும் ஒடியலீங்களா?"

"ஒண்ணு கூட இல்ல பாய்."

"லூசு?"

"ம்ஹூம்."

"நல்லாப் பாருங்க" என்றார் பாய்.

திரும்பவும் பார்த்தேன். முப்பத்தாறும் இரும்பாக நின்றன. என் பெருமையில் அவர் முகத்தைக் கவனிக்கத் தாமதமாகிவிட்டது.

பெருமாள்சாமி வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்திருந்தார். "ஏறிக்கிறீங்களா மொதலாளி? காத்து வர்ற பக்கமா எடம் ஒதுக்கி வெச்சிருக்கறேன்."

பாய் அந்த இடத்தைப் பார்த்தார். "முன்னயெல்லாம் இந்நேரம் ஒடஞ்சிருக்கும். பழி வீலு மேல போயிரும். நானும் நிம்மதியாப் படுத்துட்டு வருவேன். இப்ப ஏறுனா என்னன்னுங்க சொல்றது?"

 பாய் ஷூ காலால் பின்டயரில் ஓங்கி ஓர் உதை விட்டார். சக்கரம் அசையவில்லை, அவர்தான் காலைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க ராபின், ஒரு கம்பியாச்சும் சுமாராக் கட்டியிருக்கலாமில்லீங்க?"

இளநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சைக்கிளில் ஏறினார். திருப்பூர் வந்து சேரும்வரை, ஒரு 'டிங்' சத்தமாவது கேட்காதா என்று பின்சக்கரத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே மிதித்தார்.