முப்பத்தோரு கற்கள்

கேக்கக்காவுக்கு வலி வந்தால் அவள் செய்கிற முதல் காரியம், யாராவது பார்க்கிறார்களா என்று பார்ப்பது. யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் முகத்தைச் சுளிப்பாள்.

அன்றைக்கும் அப்படித்தான். காலை பதினோரு மணி. பேக்கரியின் பின்பக்க அறையில், ஐசிங் மேஜை முன்னால் நின்றுகொண்டு, யார் வீட்டுக் குழந்தையின் மூன்றாவது பிறந்தநாளுக்கோ கேக் மேல் ரோஜாப்பூ வைத்துக்கொண்டிருந்தாள். வலது விலாவுக்குக் கீழே பிடித்தது. பிடித்தது முதுகுக்கு ஏறி, தோள்பட்டைக்குப் போய் அங்கே சட்டமாக உட்கார்ந்துகொண்டது. க்ரீம் பையைக் கீழே வைத்துவிட்டு மேஜை விளிம்பைப் பிடித்தபடி குனிந்தாள்.

“என்ன கேக்கக்கா, ஏதாச்சும் விழுந்துடுச்சா?” என்றார் ஓவன் மாஸ்டர், திரும்பிப் பார்க்காமலே.

“ஒண்ணுமில்ல மாஸ்டர். வாயு.”

அவளைவிட ஒன்பது வயது மூத்தவர் அவர். கேக் போடுகிற அக்கா என்று கடையே கேக்கக்கா என்று கூப்பிடுவதால் அவரும் அப்படியே கூப்பிடுவார். பன்னிரண்டு வருஷமாக அவர் ஓவனைப் பார்த்து நிற்கிறார், இவள் மேஜையைப் பார்த்து நிற்கிறாள். இருவருக்கும் நடுவில் மூன்றடி. அவருடைய முகத்தைவிட முதுகுதான் இவளுக்கு நன்றாகத் தெரியும்.

வாயு என்று சொன்னது சுத்தப் பொய். ஒன்றரை வருஷமாக அவள் சொல்லிவரும் பொய். ஸ்கேன் எடுத்தாயிற்று, பித்தப்பையில் நாலு கல் என்று தெரிந்தாயிற்று. “மூணு சின்ன ஓட்டை போட்டு பையோட எடுத்துடலாம்மா, மறுநாளே வீட்டுக்குப் போயிடலாம்” என்று டாக்டரம்மா அப்போதே சொல்லிவிட்டார். ஒரு படிவத்தையும் கையில் கொடுத்தார்.

கத்திக்குப் பயந்து அவள் ஒன்றரை வருஷம் ஓட்டினாள் என்று நினைத்தால் அது தப்பு. சூடான தட்டை வெறுங்கையால் எடுத்துவிட்டு, குழாய்த் தண்ணீரில் கையைக் காட்டிவிட்டு, மறுபடி வேலைக்கு வருகிறவள். அவளைப் பயமுறுத்தியது அந்தப் படிவத்தின் கடைசிப் பகுதி. ‘உடனிருப்பவர் பெயர். உறவு. கையெழுத்து.’ ஆப்பரேஷன் நடக்கும்போது வெளியே ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டுமாம். முடிந்த பிறகு ஒரு ராத்திரி கூடத் தங்க வேண்டுமாம். அந்த மூன்று கோடுகளையும் பார்த்தாள். படிவத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

ஆளே இல்லாதவள் இல்லை. ஒரு தம்பி இருக்கிறான், ஆறு மணி நேரப் பயண தூரத்தில், மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளுமாக. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போன பிறகு அவனைப் படிக்க வைத்து ஆளாக்கியவள் இவள்தான். நடுவில் இவளுக்கு ஒரு கல்யாணம் ஆகி இரண்டே வருஷத்தில் முடிந்தும் போனது. அது வேறு கதை, அதைச் சொல்ல அவளுக்கே சலிப்பு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தம்பி போன் செய்வான். எப்படி இருக்கிறாய் என்பான், நன்றாக இருக்கிறேன் என்பாள். ஒருமுறை போனை வைக்க மறந்துவிட்டு மனைவியிடம் அவன் சொன்னது இவள் காதில் விழுந்தது. “எங்கக்கா மாதிரி யாரும் வராது. இத்தன வருஷத்துல ஒருத்தருக்கு ஒரு தொந்தரவு குடுத்ததில்ல தெரியுமா?”

பாராட்டுதான். அவளும் அன்றைக்குச் சந்தோஷப்பட்டாள். ஆனால் அந்தப் பாராட்டு அவள் வாயைத் தைத்துவிட்டது. இனிமேல் எந்த முகத்தோடு போய், எனக்கு முடியவில்லை, நீ வா என்று கேட்பது?

ஓவன் மாஸ்டரைக் கேட்டிருக்கலாம். கேட்டால் வருவார். வந்தால் ‘உறவு’ என்ற கோட்டில் என்ன எழுதுவது? அதுதான் பயம்.

ஆகவே பத்தியம். இறங்கினாள் பாருங்கள், அப்படி ஒரு பத்தியம்! வெண்ணெய் இல்லை, பொரித்தது இல்லை, முட்டையின் மஞ்சள் இல்லை, பால் என்றால் ஆடை எடுத்த பால். உப்புப் போட்டு வேகவைத்த பூசணி, வேகவைத்த கேரட், வேகவைத்த எல்லாம். பார்லித் தண்ணீர், ஆப்பிள் சாறு, இஞ்சி தட்டிப் போட்ட வெந்நீர். நாள் முழுக்க வெண்ணெயில் முழங்கை வரை நனைகிறவள், க்ரீமை நாக்கு நுனியில் வைத்து ருசி பார்த்துவிட்டு உடனே வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். உடம்பு இளைத்தது. “எப்படி இவ்வளவு ஸ்லிம்மா ஆனீங்க?” என்று கடைக்கு வந்த பெண்கள் பொறாமையோடு கேட்டார்கள். வலி முன்பைவிடக் குறைவாக வந்தது என்பதும் உண்மை. வருவது நிற்கவில்லை என்பதும் உண்மை.

அவள் இருந்தது டயர் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் ஒற்றை அறை. வலி வந்துவிட்டால் எழுந்து நிற்க முடியாது. எழுந்து நிற்க முடியாதவள் அடுப்பில் தண்ணீர் வைக்க முடியாது. அதனால் வேலைவிட்டு வந்ததும் முதல் வேலையாக வெந்நீர் போட்டு ஃபிளாஸ்க்கில் ஊற்றிக் கட்டில் பக்கத்தில் வைத்துவிடுவாள். ரப்பர் பை தலையணை ஓரம். வலி வந்தால் படுத்தபடியே பையில் ஊற்றி, மூடியைத் திருகி, விலாவில் வைத்து அழுத்திக்கொள்வாள். ஒருமுறை மூடி சரியாகத் திருகாமல் வெந்நீர் வயிற்றில் கொட்டிவிட்டது. சுட்டதற்குக்கூட அவள் அழவில்லை. துடைத்துவிட யாரும் இல்லையே என்று அழுதாள். கீழே டயருக்குக் காற்றடிக்கிற சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

ஒருநாள் ஓவன் மாஸ்டர், முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார்: “அது வாயு இல்லதானே?”

பித்தப்பையில் கல் என்று ஒப்புக்கொண்டாள். அவ்வளவுதான், மாஸ்டருக்கு உற்சாகம் பொங்கிவிட்டது.

“அட, இதுக்கா மறைச்சீங்க? என் சகலைக்கு இதேதான். அர டம்ளர் ஆலிவ் எண்ணெய், அர டம்ளர் எலுமிச்சச் சாறு. வெறும் வயித்துல ஒரே மடக்கு. வலப் பக்கமா ஒருக்களிச்சுப் படுத்துடணும். மறுநாள் பொலபொலன்னு விழுந்துடுச்சு. வீடியோவே இருக்கு, அனுப்பறேன்.”

ஒன்றரை வருஷமாக ஒரு சொட்டு எண்ணெய் படாத வயிற்றில், லீவு நாளாகப் பார்த்து, அரை டம்ளர் எண்ணெயை ஊற்றினாள். வந்த வலியை எழுத்தில் கொண்டுவர முடியாது. கட்டில் சட்டத்தைக் கடித்தாள். நடுவில் ஒரு கட்டத்தில், இப்படியே போய்விட்டால் மறுநாள் வேலைக்கு வரவில்லை என்றுதானே முதலில் தெரியவரும் என்று கணக்குப் போட்டாள்.

போகவில்லை. மறுநாள் காலையில் கற்கள் வந்தன. எங்கே, எப்படி என்றெல்லாம் கேட்காதீர்கள்; வரவேண்டிய இடத்தில் வந்தன. பச்சை நிறம், பட்டாணி அளவு. வடிகட்டிக் கழுவி எண்ணினாள். முப்பத்தொன்று.

விரலால் அழுத்தினால் அமுங்கின. வேறு யாராக இருந்தாலும் அங்கே சந்தேகப்பட்டிருப்பார்கள். இவளுக்குச் சந்தேகம் வராததற்குக் காரணம் இவளுடைய தொழில். கேக் மேல் தூவுகிற சர்க்கரை மணி இருக்கிறதே, பல்லை உடைக்கும், அவ்வளவு கெட்டி. அதையே க்ரீமில் பதித்து ஒரு நாள் விட்டால் ஊறி மெத்தென்று ஆகிவிடும். வயிற்றுக்குள் கல்லும் எண்ணெயில் ஊறி அப்படித்தான் ஆகியிருக்கிறது என்று தன் அனுபவத்தை வைத்து முடிவு கட்டினாள். காலியான சர்க்கரை மணி டப்பா ஒன்றில் கற்களைப் போட்டு மூடி, ஜன்னலில் வைத்து அழகு பார்த்தாள். யாரிடமாவது காட்ட வேண்டும்போல் இருந்தது. இதை யாரிடம் காட்டுவது? டாக்டரம்மாவிடம்தான்.

வெயிலில் ஒரு மணி நேரம் பஸ்ஸில் நின்று போனாள். மேஜைமேல் டப்பாவை வைத்து, எண்ணெய் குடித்த கதையைச் சொல்லிவிட்டு, பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவள்போல நின்றாள். டாக்டரம்மா மூடியைத் திறந்தார். உள்ளே ஒரு கல்கூட இல்லை. அடியில் பச்சையாகக் கொழகொழவென்று ஏதோ கிடந்தது.

“நீங்க குடிச்ச எண்ணெயும் எலுமிச்சச் சாறும்மா இது. வயித்துக்குள்ள சேர்ந்து சோப்பு மாதிரி உருண்டை பிடிச்சிருக்கு. கல்லு வெயில்ல உருகுமா?”

கேக்கக்கா டப்பாவை இழுத்து மூடினாள். இருபத்திரண்டு வருஷம் வெண்ணெயைத் தொட்டுப் பிழைத்தவளுக்குக் கொழுப்பு அடையாளம் தெரியவில்லை! முகம் சிவந்துவிட்டது. அன்றைக்கே எடுத்த ஸ்கேனில் பழைய நாலு கல்லும் இருந்த இடத்திலேயே இருந்தன.

“நல்லவேளை. அந்த எண்ணெய் ஒரு கல்லத் தள்ளிக் குழாய்ல அடைச்சிருந்தா மஞ்சக்காமாலை, கணைய வீக்கம்னு உயிருக்கே ஆபத்தா வந்திருக்கும். பத்தியம் வலியக் கொஞ்சம் தள்ளிப் போடும், அவ்வளவுதான். கல்லக் கரைக்காது. இனிமே தள்ளாதீங்க. வர்ற புதன்கிழமை காலைல வெறும் வயித்தோட வந்துடுங்க. கூட யாரு வருவாங்க?”

“தம்பி” என்றாள் கேக்கக்கா. சொல்லிவிட்டாளே தவிர, அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி பேசியபோது சின்னவளின் பல் விழுந்த கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு, மாற்றுத் துணியும் துண்டும் வைத்த பையோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். படிவத்தில் தம்பி பெயரை எழுதி, போன் நம்பரை எழுதி, கையெழுத்துக் கோட்டை மட்டும் காலியாக விட்டு நீட்டினாள். வரவேற்பு மேஜையில் இருந்த பெண் அதைத் திருப்பிப் பார்த்தாள்.

“இவரு எங்கம்மா?”

“வந்துட்டே இருக்கான். வண்டி ஓட்டிட்டு வர்றான். போன் பண்ணா எடுக்க மாட்டான்.”

“பரவால்ல, ஒரு ரிங் குடுத்துப் பாக்கறேன்.”

முதல் மணியிலேயே எடுத்துத் தொலைத்தான். கேக்கக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சார், ஆஸ்பத்திரில இருந்து பேசறோம். உங்க அக்கா ஆப்பரேஷனுக்கு வந்திருக்காங்க, நீங்க எப்ப வருவீங்க?... ஆமா சார், ஆப்பரேஷன்... உங்களுக்குத் தெரியாதா?” அந்தப் பெண் போனைக் கையால் பொத்திக்கொண்டு நிமிர்ந்தாள். “அவருக்கு ஒண்ணுமே தெரியலயேம்மா. உங்ககிட்ட குடுக்கச் சொல்றாரு.”

வாங்கினாள். அந்தப் பக்கம் ஏதோ மெஷின் ஓடுகிற சத்தம். அவன் வேலையில் இருக்கிறான்.

“அக்கா, என்ன ஆப்பரேஷன்?”

“சின்னதுதான்டா. பித்தப்பைல கல்லு. நாளைக்கே வீட்டுக்குப் போயிடலாம்.”

“எத்தன நாளா இருக்கு?”

“ஒரு ஒன்றர வருஷமா.”

மெஷின் சத்தம் தூரமாகப் போயிற்று. வெளியே நடந்து வந்திருப்பான்போல.

“ஒன்றர வருஷமா வாராவாரம் பேசறேன். ஒரு தடவகூடச் சொல்லணும்னு தோணலயா?”

“உனக்கு எதுக்குடா தொந்தரவுன்னு…”

“நான் என்ன உன் கடைக்கு வர்ற கஸ்டமரா? எப்பவும் சிரிச்ச முகமாவே பேசி அனுப்பறதுக்கு?”

எதிர்ப்பக்கம் அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. நாற்பது வயசு ஆள், வேலை செய்கிற இடத்தில் நின்று அழுகிறான்.

“நான்தான் ஊரெல்லாம் பெருமையடிச்சுட்டுத் திரிஞ்சேன், எங்கக்கா யாரையும் எதிர்பாக்க மாட்டான்னு. என்னைச் செருப்பால அடிக்கணும்.”

“அப்படியெல்லாம் சொல்லாதடா.”

“நீ அங்கயே உக்காரு. இப்பவே கிளம்பறேன். எங்கயும் போயிடாத.”

வேண்டாம், வேலையைப் பார், நான் பார்த்துக்கொள்கிறேன் என்பதெல்லாம் வரிசையாக நாக்கு நுனிக்கு வந்து நின்றன. பழக்கம் அப்படி. கேக்கக்கா பல்லைக் கடித்தாள்.

“சரிடா” என்றாள். “பாத்து வா.”

மேஜைப் பெண் டாக்டரம்மாவிடம் பேசிவிட்டு வந்து, தம்பி வந்து கையெழுத்துப் போட்டால் மறுநாள் காலையில் முதல் ஆளாக எடுத்துக்கொள்ளலாம், இப்போது பசியாற ஏதாவது சாப்பிடுங்கள் என்றாள். சாப்பிடத் தோன்றவில்லை. காத்திருக்கிற இடத்தில் கடைசி வரிசையில் இரண்டு நாற்காலி காலியாக இருந்தது. ஒன்றில் உட்கார்ந்தாள். அழுகை வந்தது. யாராவது பார்க்கட்டும் என்று அழுதாள்.

ஒன்பது மணிக்கெல்லாம் கூட்டம் சேர்ந்துவிட்டது. காலில் கட்டுப் போட்டவர், பிள்ளையை இடுப்பில் வைத்தவள் என்று எல்லோருக்கும் இடம் கிடைத்தது. வாட்டசாட்டமான ஓர் இளைஞன் மட்டும் யாருடைய மருந்துச்சீட்டையோ வைத்துக்கொண்டு இடம் தேடி வந்தான். கேக்கக்காவின் பக்கத்து நாற்காலியில் அவளுடைய பை இருந்தது.

“அம்மா, பைய எடுத்துக்கறீங்களா? உக்காந்துக்கறேன்.”

“இல்லப்பா. என் தம்பி வர்றான்.”

“எங்க இருக்காரு?”

“இப்பதான் பஸ் ஏறியிருப்பான். மதியத்துக்கு மேல ஆயிடும்.”

இளைஞன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். நாற்காலியைப் பார்த்தான். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு போய்ச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டான்.

அவன் கால் மாற்றி மாற்றி நிற்பது கேக்கக்காவுக்குத் தெரிந்தது. பாவமாகத்தான் இருந்தது. பையை அவள் எடுக்கவில்லை.