நடு அறை

இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு ஒட்டிக்கொண்ட வரிசை வீடு எங்களுடையது. கீழே முன்னறை, நடு அறை, சமையலறை. மாடி தம்பி குடும்பத்துக்கு, நடு அறை எனக்கு. ஜன்னல் கிடையாது, ஆனால் கதவு உண்டு. பகலெல்லாம் அதற்குள்தான் தைப்பேன். புருஷனை விட்டு வந்தவளுக்கு உள்ளே தாழ் போட்டுக்கொள்ள ஓர் அறை என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று என் தம்பி மடையனுக்கு எங்கே தெரியப்போகிறது.

"நடுச் சுவரை எடுத்துட்டா ஒரே ஹால் ஆயிடும்க்கா. எல்லாரும் சேர்ந்து உக்காரலாம். ராத்திரி மட்டும் மடிப்புக் கதவை இழுத்து விட்டுக்க" என்றான்.

"என் பொணத்தைத் தாண்டித்தான் சுவத்துல கை வைக்கணும்."

சிரித்தான்.

தைத்த துணிகளைக் கடையில் கொடுத்துவிட்டு மத்தியானம் திரும்பினேன். சுவர் இடுப்பளவுதான் மிச்சம். செங்கல் தூள் படிந்த என் கட்டில், மெஷின், கொடியில் கிடந்த உள்பாவாடை எல்லாம் தெருவிலிருந்தே தெரிந்தன.

"முடிச்சுட்டுக் காட்டினா உனக்கே பிடிச்சுப்போகும்னு..." என்று இளித்தான் தம்பி.

கொத்தனார் கையிலிருந்த சம்மட்டியைப் பிடுங்கிக்கொண்டு மாடி ஏறினேன். அவன் படுக்கையறைக் கதவில் ஒரே போடு. பலகை பிளந்தது. பீரோ, கண்ணாடி, ஒன்றையும் விடவில்லை. அவன் பெண்டாட்டி அலறிக்கொண்டு கீழே ஓடினாள்.

தம்பி என் கொண்டையைப் பிடித்து வெளியே இழுத்து அறைந்தான். உதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தம்.

"உனக்கென்ன பைத்தியமா? தண்டச்சோறு."

சம்மட்டியை வீசினேன். அவன் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. படிகளில் உருண்டு போனான். ஐயோ, இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை.

செங்கல் தடுக்கி விழுந்ததாகத்தான் ஆஸ்பத்திரியில் சொன்னான். மூன்று மாதம் மாடி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஹாலில் கட்டில் போட்டோம். மடிப்புக் கதவு இன்னும் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பழத்தோடு உட்கார்ந்திருந்தார், கொத்தனார் தரையைப் பூசிக்கொண்டிருந்தார், பிள்ளைகள் ஓடியாடினார்கள். தம்பி பெண்டாட்டி மூத்திரச் சட்டியை முந்தானையால் மறைத்துக்கொண்டு வந்து நின்றாள். அவன் முகம் சிவந்தது.

"எல்லாரும் கொஞ்சம் வெளிய போங்களேன்" என்றான்.

ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். நான் மெஷின் முன்னால் அப்படியே இருந்தேன்.

"நீயும்தான்க்கா."

"எங்கடா போறது?" என்றேன்.

அவன் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான்.