ஒரே வகுப்பில் படித்தவர்கள்

சர்வதேச வளர்ச்சி என்று ஒரு முதுகலைப் படிப்பு இருப்பதே, சங்கரன்கோவிலில் பாத்திரக்கடை வைத்திருக்கும் தாவீதுக்கு மகள் ஜாய்ஸ் சொல்லித்தான் தெரியும்.

"அதுல என்னட்டி படிப்பாங்க?"

"ஏழை நாடுகள்ல வறுமை ஏன் தீரலன்னு படிப்பாங்கப்பா."

"அதுக்கு எதுக்கு இங்கிலாந்து? மேலநீலிதநல்லூருக்குத்தான் பஸ் போகுதே."

ஜாய்ஸ் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. ஆனாலும் அனுப்பி வைத்தார்.

அங்கே வகுப்பில் மானாவாரி விவசாயத்தைப் பற்றி அவள் பேசினால், பக்கத்து நாற்காலி வெள்ளைக்காரப் பெண் ஹானா விடாமல் குறிப்பெடுத்துக்கொள்வாள். கடைசியில் டிஸ்டிங்ஷன் வாங்கியது ஜாய்ஸ்தான். ஹானா தேறினாள், அவ்வளவுதான். விசா தீரும்வரை ஜாய்ஸ் அங்கேயே வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருந்தாள். அனுபவம் போதாது என்றார்கள். ஊர் திரும்பிய பிறகு, மேலநீலிதநல்லூர் பக்கம் ஆய்வு நடத்தவிருந்த ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்துக்குப் போட்டாள். பதிலே இல்லை. மூன்று மாதம் கழித்து ஹானாவிடமிருந்து மெயில் வந்தது. அந்த ஆய்வுக்கு அவள்தான் தலைவி. மொழிபெயர்க்க வர முடியுமா என்று கேட்டிருந்தாள்.

கடையில் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு இது மேல் என்று ஜாய்ஸ் போனாள்.

மேலநீலிதநல்லூரில் பிச்சம்மாள் என்றொருத்தி உளுந்தங்காட்டில் களை பறித்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டதும் கையை உதறிக்கொண்டு வரப்பில் வந்து உட்கார்ந்தாள். ஹானா ஆங்கிலத்தில் கேட்டதை ஜாய்ஸ் தமிழில் சொன்னாள். "வளர்ச்சின்னா உங்களுக்கு என்னம்மா?"

பிச்சம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இந்தப் பிள்ளை என்ன படிச்சிருக்கு?"

"நான் படிச்சதுதாம்மா. ஒரே வகுப்பு."

"அப்ப நீயே கேக்கலாம்லா மக்கா? அவ கேக்கதை நீ எதுக்குச் சொல்லுத?"

ஜாய்ஸ் கையிலிருந்த கேள்வித்தாளைத் திருப்பினாள்.

"என்ன சொல்கிறார்?" என்றாள் ஹானா.

"மழை வேண்டும் என்கிறார்."

ஹானா எழுதிக்கொண்டாள்.

"நான் சொன்னதைச் சொல்லிட்டியா?" என்றாள் பிச்சம்மாள்.

"சொல்லிட்டேன்மா."

திரும்பும்போது காரில் ஜாய்ஸ் மெல்ல ஆரம்பித்தாள். "உன் வேலைக்கு நானும் விண்ணப்பித்திருந்தேன்."

"தெரியும். உள்ளூர்க்காரி என்றால் நடுநிலை இருக்காது என்று நினைத்தார்கள். உன்னைப் பற்றி என்னிடம் விசாரித்தார்கள்."

"நீ என்ன சொன்னாய்?"

"அருமையாக மொழிபெயர்ப்பாள் என்றேன்."

அவள் அதை நன்றி எதிர்பார்க்கிறவள் போலத்தான் சொன்னாள். ஜாய்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கடையில் வாடிக்கைக்காரர் சங்கரசுப்பு வாங்குவதற்குக் குக்கர் பார்த்துக்கொண்டிருந்தார். காரிலிருந்து இறங்கியவளைப் பார்த்து, "லண்டன்ல படிச்ச பிள்ளைலா அண்ணாச்சி? இப்ப என்ன செய்யுது?" என்றார்.

தாவீது மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஃபாரின் கம்பெனில பெரிய வேலை பாக்கா" என்றார்.

ஜாய்ஸ் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். மறுநாள் ஹானாவோடு ஆய்வுக்கு இளையரசனேந்தலுக்குப் போக ஏழு மணிக்கு கார் வரும்.